சிவந்துபோன காவி

நிறங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கலியாணசுந்தரத்துக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் மலாக்கா டவுனில் ஓர் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். லண்டனில் அரசருக்கு முடிசூட்டு என்று ஊரே அமளிப்பட்டபோது ஆபீஸ் வாசலில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று காகிதத் தோரணம் கட்டியது அவர்தான். சிவப்பு வீரம், வெள்ளை தூய்மை, நீலம் நீதி என்று அன்றைக்கு எல்லோருக்கும் விளக்கம் வேறு சொன்னார். ஜப்பான்காரன் சைக்கிளில் வந்து இறங்கிய வாரம் அந்த விளக்கமெல்லாம் தோரணத்தோடு சேர்ந்து அடுப்புக்குள் போயிற்று.

அவர் மனைவி பாக்கியலட்சுமி ஒரு தலையணை உறையை எடுத்து, நடுவில் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, குங்குமத்தைக் குழைத்துப் பூசி வாசலில் தொங்கவிட்டாள். அவர்கள் குடியிருந்த கஜா பெராங்கில் அந்தத் தெருவில் முதலில் ஏறிய ஜப்பான் சூரியக் கொடி அதுதான். மறுநாள் பெய்த மழையில் சூரியன் கரைந்து வாசற்படி வரைக்கும் வழிந்தது. சிப்பாய் எவனாவது பார்ப்பதற்குள் அதைத் துடைத்து எடுக்க, அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த வருஷங்களில் நிறத்தை மாற்றாத வாசல் எது? பக்கத்து வீட்டுச் சீதா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய சிட்டி வம்சத்தவள்; மலாய் பேசி, மலாய்க்காரிகளின் கெபாயாச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைக்கிறவள். தன் கலியாணத்துச் சிவப்புக் கெபாயாவைப் பெட்டிக்கு அடியில் புதைத்துவிட்டாள். காரணம் காட்டிலே இருந்தது. காட்டுக்குள் இருந்து ஜப்பான்காரனைச் சுடுகிறவர்கள் தொப்பியில் சிவப்பு நட்சத்திரம் வைத்திருந்தார்கள். அதனால் சிவப்பு என்றாலே விசாரணை. கோயிலில் அம்மனுக்குச் சாத்துகிற செம்பட்டுகூட பல மாதமாக வெளியே வரவில்லை. அம்மன் மஞ்சளோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

ஜப்பான்காரன் ஆதரவோடு இந்தியச் சுதந்திரச் சங்கம் வந்ததும் கலியாணசுந்தரம் எங்கள் வட்டாரக் கிளைக்குச் செயலாளர் ஆனார். மறுபடியும் பேச அவருக்கு மூன்று நிறம் கிடைத்தது. இந்த முறை உண்மையாகவே அவருக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காவி தியாகம், வெள்ளை சத்தியம், பச்சை பசுமையும் நம்பிக்கையும் என்று சொல்லும்போது குரல் தழுதழுத்துவிடும். பேச்சு சரி, துணிக்கு எங்கே போவது? டவுன் கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளி அலமாரிகள் காலியாகக் கிடந்தன. ஏழை ஜனங்கள் சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்ட காலம் அது.

பச்சை கிடைத்தது ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று கிடந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பச்சைக் கம்பளித் துணியை யாரோ உரித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். வெள்ளைக்குக் கலியாணசுந்தரத்தின் பழைய வேட்டி. அந்த வேட்டியிலேயே இன்னொரு நீளத் துண்டைக் கிழித்து, பாக்கியலட்சுமி மஞ்சளை அரைத்துக் காய்ச்சி அதில் முக்கினாள். வெறும் மஞ்சள் காவி ஆகாதே! வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு கிள்ளு எடுத்துக் கரைத்துவிட்டாள். நிறம் கொஞ்சம் சிவந்து, நல்ல காவியாக வந்து நின்றது. கலியாணசுந்தரம் அசந்துபோனார்.

"எப்படிடி இப்படி வந்துச்சு?"

"ஆரத்தி கரைக்கிறதில்லையா? அதே கைதான். சுண்ணாம்பு கூடிருச்சுன்னா ரத்தமாப் போயிரும். பார்த்துப் பார்த்துப் போட்டேன்" என்றாள் அவள், பெருமையோடு.

இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் எதோடு சேர்ந்தால் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள அவளுக்கு வழியில்லாமல் போனது அதனால்தான்.

அடுத்த வருஷம், மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஜப்பான்காரன் சியோனான் என்று பேர் மாற்றிய சிங்கப்பூரிலிருந்து சங்கத்துத் தலைவர்கள் சிலர் மலாக்காவுக்கு வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கஜா பெராங்கிலும் கொடி ஏற்றுவார்கள் என்று தகவல் வந்தது. கொடி மழையில் ஊறிப் பூசணம் பிடித்துக் கிடந்தது. அப்படியே துவைத்தால் பில்லியர்ட்ஸ் துணியின் பச்சை இறங்கி வெள்ளையைக் கெடுத்துவிடும். அதனால் பாக்கியலட்சுமி தையலைப் பிரித்து மூன்று துண்டையும் தனித்தனியாக்கினாள். பச்சையை வெயிலில் உதறிப் போட்டாள். வெள்ளையையும் காவியையும் சலவைக்காரர் சுப்பையனிடம் கொடுத்தாள்.

சுப்பையன் ஆற்றங்கரை மேட்டில் குடிசை போட்டிருந்தவர். மனைவி அஞ்சலையும் அவரும்தான் அந்த வட்டாரத்துக்கே சலவை. சோப்புக்கு ஊரில் அவ்வளவு பஞ்சம் என்பதால், துணியோடு தன் வீட்டுச் சோப்பையும் ஒரு கட்டி கொடுத்தனுப்பினாள் பாக்கியலட்சுமி. செம்பனை எண்ணெயும் சாம்பல் காரமும் சுண்ணாம்பும் போட்டு அவளே காய்ச்சிய சோப்பு அது. தேய்த்தால் கைத்தோல் உரியும்.

"வெள்ளைய நல்லா அடிச்சுத் தொவைச்சிரு சுப்பையா. தலைவருங்க வர்றாங்க, மானம் போயிரக் கூடாது."

"சரிங்க கிராணியம்மா" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் பாக்கியலட்சுமி சமையலறையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் ஈரக் கையோடு சுப்பையன் வந்து நின்றார்.

"அம்மா, ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தாக் குடுங்களேன்."

அவளுக்குப் பின்னால், ஈரச் சாக்குக்கு அடியில், ஒரு கூடை எலுமிச்சை இருந்தது. தோட்டத்து மரத்தில் இருந்ததை எல்லாம் பறித்து வைத்திருந்தாள். வருகிற தலைவர்களுக்குக் கருப்பட்டி போட்டு எலுமிச்சைச் சாறு கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு பழமும் குறையக் கூடாது என்று கலியாணசுந்தரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்று கொடுத்தால் இவர் போய்ச் சொல்லுவார், அப்புறம் தெருவே வந்து வாசலில் நிற்கும் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

"இல்லையே சுப்பையா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"ஒரு அழுகல் பழமா இருந்தாக்கூடப் போதும்மா."

"இல்லன்னு சொல்றேன்ல."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காரணம் சொல்லிக் கேட்க அந்தப் பின்வாசலில் அவருக்குப் பழக்கமில்லை. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை சீதா வேலியோரமாக ஓடி வந்தாள். மூச்சு இரைத்தது.

"லட்சுமி! டோபி கெனா தங்காப்!"

சலவைக்காரரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சீதா மலாயிலும் கைச்சாடையிலுமாகச் சொன்னதில் விஷயம் விளங்கியது. நேற்றுச் சாயங்காலம் ஆற்றங்கரை மேட்டில், பாலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, நீளமாக ஒரு சிவப்புத் துணி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்ததாம். அந்த வாரம்தான் புக்கிட் காதில் என்கிற ஊர்ப் பக்கம் ரப்பர்க் காட்டு ரோட்டில் ஜப்பான் லாரி ஒன்றைச் சுட்டிருந்தார்கள். காட்டில் இருக்கிறவர்களுக்குக் காட்டுகிற அடையாளம் என்று எவனோ போய்ச் சொல்லியிருக்கிறான். விடிந்ததும் லாரியில் வந்து ஆளையும் துணியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"மேரா!" என்று சீதா தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சிவப்பு! அந்த மனுஷனுக்குப் பைத்தியமா?"

பாக்கியலட்சுமி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். சாம்பல் காரம், சுண்ணாம்பு, மஞ்சள். பின்வாசலில் ஒரே ஒரு எலுமிச்சம்பழம். சிவந்த மஞ்சளில் புளிப்புப் பட்டால் மறுபடி மஞ்சளாகும் என்று துணியோடு பழகின அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குத்தான் வந்து நின்றிருக்கிறார். கூடை சாக்குக்கு அடியில் அப்படியே இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அவள் புருஷனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்து முடிப்பதற்குள் வாசலில் ஜப்பான் வண்டி வந்து நின்றது. ராணுவப் போலீஸ் அதிகாரி ஒருவர், இரண்டு சிப்பாய்கள், மொழிபெயர்க்க மருதமுத்து. மருதமுத்து முன்னாள் வாத்தியார். ஜப்பான் மொழியைச் சட்டென்று பிடித்துக்கொண்டவர். அதனாலேயே ஊரில் யாரும் அவரிடம் பேசுவதில்லை.

அதிகாரி கையிலிருந்த துணியை மேசைமேல் எறிந்தார். காய்ந்து, செங்கல் நிறமாகக் கிடந்தது.

மருதமுத்து கலியாணசுந்தரத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இது சங்கத்துக் கொடித் துணின்னு அந்த சலவைக்காரன் சொல்றான், சார். இது மஞ்சள், இது காவின்னு திரும்பத் திரும்பச் சொல்றான். கண் முன்னால செவப்பா இருக்கு, இவன் மஞ்சள்ங்கிறான், தொரைக்குக் கோபம். கேலி பண்றான்னு நெனைக்கிறாரு. நீங்க சொல்லுங்க. இது உங்க கொடியா?"

கலியாணசுந்தரம் துணியைத் தொடவில்லை. அவர் அதைப் பார்த்ததெல்லாம் கொடியாக, கம்பத்தில், காவியாக. கிராணி வேலை பார்த்த மனுஷன். நிமிர்ந்து நின்று, நல்ல தெளிவான குரலில் சொன்னார்.

"எங்க கொடியில காவி இருக்கு, வெள்ளை இருக்கு, பச்சை இருக்கு. சிவப்பே கிடையாது. இது எங்களோடது இல்ல."

உள் அறைக் கதவின் இடுக்கில் பாக்கியலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். துணியின் ஓரத்தில் நீல நூலில் ஓட்டிய தையல் தெரிந்தது. காவி நூல் கிடைக்காமல் அவள் நீலத்தில் தைத்தது அது. ஒரு அடி முன்னால் வைத்து, ஐயா, அது என் துணி, என் சோப்பு என்று சொன்னால் போதும். கதவிடுக்கை விட்டு அவள் நகரவில்லை. புருஷன் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இப்போது இவள் ஆமாம் என்றால் அவர் பொய்யர். பொய்யருக்கு ஜப்பான்காரன் என்ன செய்வான் என்று ஊருக்கே தெரியும். இப்படியெல்லாம் அவள் அப்புறம் நினைத்துப் பார்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில் இருந்தது வெறும் பயம்தான்.

வண்டி போயிற்று. கலியாணசுந்தரம் வேர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"பாவி, தப்பிக்கிறதுக்குச் சங்கத்து மேலயா பழியப் போடுறது?"

"அது நம்ம துணிதாங்க" என்றாள் பாக்கியலட்சுமி.

சொல்லி முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பழம் கேட்டு வந்ததை மட்டும் அவள் சொல்லவில்லை.

"இப்பப் போயி மாத்திச் சொன்னா என்னையும் உள்ள வைப்பான்" என்றார் மெதுவாக.

"அவர அடிப்பாங்களேங்க!"

"தலைவருங்க ஞாயித்துக்கெழம வர்றாங்க இல்ல? அவங்ககிட்டச் சொல்றேன். அவங்க பேசுனா ஜப்பான்காரன் கேப்பான். அது வரைக்கும் வாயத் தொறக்காத."

நியாயமான யோசனை மாதிரிதான் இருந்தது. கோழைத்தனம் எப்போதும் கொஞ்சம் நியாயமாகத்தான் பேசும். அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். அதைத்தான் அவளால் பிற்பாடு தாங்க முடியவில்லை.

ஞாயிறு வரைக்கும் அவள் எப்படி இருந்தாள் என்று கேட்காதீர்கள். தன்னுடைய ஆரஞ்சு கலந்த மஞ்சள் புடவையைக் கிழித்துப் புதுக் காவித் துண்டும், இன்னொரு வேட்டியைக் கிழித்து வெள்ளைத் துண்டும் தைத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் ஆற்றங்கரை ஞாபகம் வந்தது. சாயங்காலங்களில் அஞ்சலை தெரு வழியாக டவுனுக்குப் போய், சுப்பையனை அடைத்து வைத்திருந்த போலீஸ் கட்டடத்துக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவாள். உள்ளே இருந்து சத்தம் கேட்கிறதா என்று கேட்கத்தான் போகிறாளாம். சீதா சொன்னாள். பாக்கியலட்சுமி அந்த நேரங்களில் வாசல் கதவைச் சாத்தி வைத்தாள்.

தலைவர்கள் வந்தார்கள். கொடி ஏறியது. கலியாணசுந்தரம் நிறங்களின் பொருளைச் சொன்னார். காவி என்றால் தியாகம் என்ற இடத்தில் குரல் உடைந்தது. கூட்டம் அதைத் தேசபக்தி என்று எடுத்துக்கொண்டு கை தட்டியது. தலைவர்களில் ஒருவர் எழுந்து, உங்கள் ஊர்க் காவி நல்ல பளிச்சென்று இருக்கிறது என்று பாராட்டிப் பேசினார். பாக்கியலட்சுமி எலுமிச்சைச் சாற்றைத் தம்ளர் தம்ளராக ஊற்றிக் கொடுத்தாள். எல்லோரும் ருசித்துக் குடித்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அஞ்சலை நின்றாள். பெரியவர்கள் வந்திருக்கிறார்களாமே, கிராணி ஐயா சொல்லி உதவ மாட்டாரா என்று நம்பி வந்து நிற்கிறாள். அழுக்குச் சேலை. கூப்பின கையை அவள் இறக்கவே இல்லை.

கலியாணசுந்தரம் அவளைப் பார்த்தார். தலைவர்களின் காருக்குப் பக்கத்தில் போனார், குனிந்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஒரு ஜப்பான் அதிகாரி நின்றிருந்தார். "பயணம் நல்லபடியா இருக்கட்டும், ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலியாணசுந்தரம் கார்க் கதவைச் சாத்தினார்.

அதைப் பார்த்ததும் பாக்கியலட்சுமிக்குப் புருஷன்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் தன்மேலேயே திரும்புவதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

மறுநாள் காலை, அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே, கூடையில் மிஞ்சியிருந்த பழங்களை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு சோப்புக் கட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் இறங்கிவிட்டாள்.

"எங்கடி போற?"

"துணி தொவைக்க" என்றாள். முகத்தில் பாதி நுரையோடு அவர் வாசல் வரை ஓடி வந்தார். தெருவில் இறங்கவில்லை.

டவுனுக்கு நடந்தே போனாள். மரத்தடியில் உட்கார்ந்திருந்த அஞ்சலை இவளைப் பார்த்ததும் எழுந்து பின்னாலேயே வந்தாள். பாக்கியலட்சுமி வாசலில் சிப்பாய்க்குக் குனிந்து வணங்கி, மருதமுத்துவைக் கேட்டாள். அவர் வெளியே வந்து பதறிப்போனார்.

"நீங்க ஏம்மா இங்கல்லாம் வர்றீங்க? வீட்டுக்குப் போங்க."

"அந்தத் துணி என்னோடது. நான் போட்ட சாயம், நான் காய்ச்சுன சோப்பு. அவரு சொன்னது நெசம், அது மஞ்சள்தான். என் வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது. அவரு காவியாத்தான் பார்த்திருக்காரு. இத அந்த தொரைகிட்டச் சொல்லுங்க."

"நான் சொன்னா நம்புவாரா? இவங்களுக்கு வெள்ளைக்கு நடுவுல இருக்கிற செவப்பு சாமி. தனியா இருக்கிற செவப்பு சத்துரு. மஞ்சளு, சோப்புன்னு நான் போயி எத வெளக்குறது?"

"வெளக்க வேணாம். காட்டுறேன்."

அதிகாரியின் மேசைமேல் துணி விரித்துக் கிடந்தது. ஏதோ கொலைக்குச் சாட்சி மாதிரி அதில் ஒரு சீட்டுக்கூட ஒட்டியிருந்தார்கள். பாக்கியலட்சுமி கத்தி கேட்டாள். கொடுக்க அவர்கள் பயந்தார்கள். பல்லால் கடித்துப் பழத்தைப் பிளந்து, துணியின் மேல் பிழிந்தாள்.

சாறு விழுந்த இடமெல்லாம் சிவப்பு போயிற்று. மஞ்சளாக, பூசணிப்பூ நிறத்தில், துணியில் ஒரு பட்டை ஓடியது. அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவள் சோப்பை ஈரமாக்கி அந்த மஞ்சள்மேலேயே தேய்த்தாள். சிவந்தது. மறுபடி பழம். மறுபடி மஞ்சள்.

அதிகாரி சிரித்துவிட்டார். பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார்கள். அவள் காட்டினாள். ஒரு சின்னச் சிப்பாய் கை தட்டினான். அந்த நேரத்தில் உள்ளே எங்கேயோ ஒரு மனுஷர் கிடக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே, சந்தையில் வித்தை காட்டுகிறவள் மாதிரி அவள் பிழிந்துகொண்டிருந்தாள். எவ்வளவு லேசான காரியம்! ஒரு பழம். இவ்வளவுதானா? இவ்வளவுக்கா?

சிரித்து முடித்ததும் அதிகாரி ஏதோ கேட்டார். மருதமுத்து கொஞ்சம் தயங்கினார்.

"என்ன கேக்கிறாரு?"

"இவ்வளவு சுலபமா இருக்கே, ஏன் மொதல் நாளே வரலன்னு கேக்கிறாரு."

பாக்கியலட்சுமி பிழிந்த தோலை மேசையோரம் வைத்தாள். சுப்பையனை அடித்த அந்த மனுஷனுக்கு இவளைப் பார்த்து அதைக் கேட்க யோக்கியதை இல்லைதான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அதிகாரி அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டார். நேரத்தை வீணாக்கியதற்கு என்றார் மருதமுத்து. அந்த அறை அவளுக்கு வலிக்கவே இல்லை. இன்னும் இரண்டு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

சுப்பையனை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. கைகளைத் தொங்கவிடாமல், மார்புக்கு நேரே ஏந்தி வைத்திருந்தார். விரல்கள் விரல்களாக இல்லை. அஞ்சலை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் சுப்பையன் முதலில் துணியைப் பார்த்தார். அப்புறம் மேசைமேல் கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார். பச்சையில்லாமல், நன்றாகப் பழுத்து, பறித்துப் பல நாள் ஆகித் தோல் சுருங்கின பழங்கள். ரொம்ப நேரம் அதையே பார்த்தார். பிறகு பாக்கியலட்சுமியைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

மிஞ்சின பழங்களை ஒரு சிப்பாய் அள்ளி அஞ்சலையின் கையில் போட்டான். மருதமுத்து ஒரு மாட்டு வண்டிக்காரனைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பினார். வண்டி நகரும்போது அவர் பக்கத்திலேயே நடந்து வந்து, "அவரு சொன்னத நான் சரியாத்தான் சொன்னேம்மா. மஞ்சள்னுதான் சொன்னேன்" என்றார் யாரும் கேட்காமலே. அவருக்கும் தூக்கமிருக்காது போலிருக்கிறது.

ஆற்றங்கரைக் குடிசையில் பாயை விரித்து அவரைக் கிடத்தினார்கள். பாக்கியலட்சுமி வாசலோடு திரும்பிவிடலாம் என்று பார்த்தாள். அதற்குள் அஞ்சலை அவள் காலில் விழுந்துவிட்டாள்.

"கிராணியம்மா, நீங்க மனுஷி இல்ல, தெய்வம். இத்தன நாளும் ஒருத்தரும் வரல. அவ்வளவு பெரிய தலைவருங்க வந்தாங்க, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நீங்க பொம்பளையா வந்து நின்னீங்களே!"

"எந்திரி அஞ்சலை. எந்திரின்றேன்ல."

"அந்த அறைய நீங்க வாங்குனீங்களே!"

"அஞ்சலை, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று பாக்கியலட்சுமி ஆரம்பித்தாள். ஆரம்பித்தாள் என்பதை அவள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அஞ்சலைக்கு அழுகையும் ஆறுதலுமாகப் பேச்சு நிற்கவில்லை.

"அன்னிக்கே ஒரு பழம் கெடச்சிருந்தா இதெல்லாம் வந்திருக்காதும்மா. சோப்பு போட்டதும் அப்படியே செவந்துபோச்சு. நான் பயந்துட்டேன். ஒண்ணும் இல்ல, பழம் பிழிஞ்சா சரியாயிரும்னு சிரிச்சாரு. உங்க வீட்டுக்குத்தான் மொதல்ல வந்தாரு. இல்லன்னுட்டீங்களாமே. சீதாம்மா வீட்டுல புளிப்புக்குப் போடுற பிலிம்பிங் காய் மரத்துலயும் வெறும் பிஞ்சு. சரி, காலையில பார்த்துக்கலாம், தண்ணி வடியட்டும்னு கயித்துல போட்டாரு." மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் மடியில் கிடந்த பழங்களை அவள் அப்போதுதான் கவனித்துப் பார்த்தாள். "அப்புறம் இது எங்கேர்ந்தும்மா கெடச்சிச்சு? நம்ம ஊர்ல எங்கயும் இல்லாம இருந்திச்சே?"

கள்ளமில்லாமல்தான் கேட்டாள். பாக்கியலட்சுமி வாயைத் திறந்தாள். கூடை, ஈரச் சாக்கு, மரவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான்.

"அன்னிக்கு அம்மா வீட்டு மரத்துல பழம் இல்ல." பாயிலிருந்து சுப்பையன்தான் பேசினார். உதடு வெடித்திருந்ததால் வார்த்தைகள் மெதுவாக வந்தன. "நாந்தான் பார்த்தேனே. எல்லாம் காயி. அதுக்கப்புறந்தான் பழுத்துச்சு."

அத்தனை அடிக்கும் நடுவில், துணி மஞ்சள் என்ற ஒரே உண்மையைச் சொல்லிக்கொண்டு கிடந்த மனுஷர். விரல்கள் போனபோதுகூட வேறு பேச்சுப் பேசாதவர். அவர் பொய் சொன்னார். கருணையால் சொன்னாரா, இந்தம்மாவின் வாயிலிருந்து அந்த உண்மையைக் கேட்கப் பிடிக்காமல் சொன்னாரா என்பது பாக்கியலட்சுமிக்குத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதான பார்த்தேன்" என்றாள் அஞ்சலை. "இருந்தா நீங்க குடுக்காமயா இருப்பீங்க?"

கிராணியம்மாவுக்கு ஏதாவது உபசாரம் செய்ய வேண்டும் போல் அஞ்சலைக்கு இருந்தது; வீட்டில் ஒன்றும் இல்லை. மடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அறுத்து, பானைத் தண்ணீரில் பிழிந்து, உப்பைத் தூவிக் கலக்கினாள். முதல் தம்ளரைப் புருஷனின் உதட்டில் பிடித்துப் புகட்டினாள். அவரால் தம்ளரை வாங்கிக்கொள்ள முடியவில்லை. இரண்டாவது தம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கம்மா."

பாக்கியலட்சுமி வாங்கினாள். அஞ்சலை எதிரிலேயே நின்றுகொண்டிருந்ததால், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தாள்.